கொதிக்கும் பத்மினி

மும்பையில் பதினெட்டு வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். ஊரில் இருந்து யார் வந்தாலும், நான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் 1996ஆம் வருடத்து ப்ரீமியர் பத்மினியைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி, "இது இன்னும் ஓடுதா?" இரண்டாவது கேள்வி, "கொதிக்காதா?"

கொதிக்கும். கொதித்தது. ஆனால் ஏன் கொதிக்கிறது என்று தேடப் போனால் அது ரேடியேட்டரோடு நிற்காமல் முசோலினி காலத்து இத்தாலிக்கும், நேரு காலத்து தில்லிக்கும், கண்டாலா மலைப்பாதைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்தக் கதைதான் இது. கார் பிடிக்காதவர்கள் எஞ்சின் வரும் இடங்களை வேகமாகத் தாண்டிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் பெயர். நம்மூர் ஆட்களுக்குப் பத்மினி என்றால் நாட்டியப் பேரொளிதான் ஞாபகத்துக்கு வருவார். காருக்கு வைத்தது சித்தூர் ராணியின் பெயர். இந்தப் பெயரே பிறகு வந்ததுதான். 1964 வாக்கில் இந்தியாவில் வந்தபோது இது ஃபியட் 1100 டிலைட். இத்தாலிக்காரர்களோடு இருந்த ஒப்பந்தம் முடிந்ததும், ஃபியட் என்ற பெயரைப் போட முடியாமல் கொஞ்ச காலம் ப்ரீமியர் ப்ரெசிடென்ட் ஆகி, 1974ல் ப்ரீமியர் பத்மினி ஆனது. ஆனால் யார் மாற்றிக் கூப்பிட்டார்கள்? மதுரையிலும் சரி, மாட்டுங்காவிலும் சரி, கடைசி வரைக்கும் அது ஃபியட்தான்.

இதைச் செய்த ப்ரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1944ல் வால்சந்த் ஹீராசந்த் ஆரம்பித்த கம்பெனி. மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. கப்பல் கம்பெனி, விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளம், பெங்களூரில் விமானத் தொழிற்சாலை என்று வெள்ளைக்காரன் இருக்கும்போதே கை வைத்தவர். குர்லாவில் தொழிற்சாலை போட்டு, முதலில் க்ரைஸ்லர்காரர்களின் டாட்ஜ், ப்ளிமத் வண்டிகளைப் பூட்டி விற்றார்கள். பிறகு 1950களின் தொடக்கத்தில் ஃபியட்டோடு கை கோர்த்தார்கள். அப்போது பம்பாயில் வெளிநாட்டுக் கம்பெனிகளும் இருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928லேயே சிவ்ரியில் கார் பூட்டும் தொழிற்சாலை வைத்திருந்தது. ஃபோர்டும் இருந்தது.

1953ல் ஒரு திருப்பம். டாரிஃப் கமிஷன் சொன்னதை ஏற்று அரசு ஒரு முடிவெடுத்தது: உதிரி பாகங்களை இறக்கி இங்கே முடுக்கி விற்கிற வேலையெல்லாம் இனி நடக்காது, படிப்படியாக எல்லாவற்றையும் இங்கேயே தயாரிக்கத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் இருக்கலாம், மற்றவர்கள் மூட்டை கட்டலாம். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கட்டினார்கள். கார் பக்கம் பெரிய ஆட்களாக மிஞ்சியது மூன்று பேர்: உத்தரபாராவில் அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், குர்லாவில் ப்ரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் (ஹெரால்ட் ஞாபகம் இருக்கிறதா?).

இந்த முடிவை இன்று கிண்டல் செய்வது சுலபம். நான் முழுதாகச் செய்ய மாட்டேன். ரேடியேட்டர், கேஸ்கெட், ஃபேன் பெல்ட், ரப்பர் மௌண்டிங் என்று ஒவ்வொன்றுக்கும் இந்தியாவில் ஒரு சிறு தொழிற்சாலை முளைத்தது அந்தக் கட்டாயத்தால்தான். 1990களில் சென்னையின் சுந்தரம் ஃபாஸனர்ஸ் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி அனுப்ப ஆரம்பித்தது. சிவ்ரியை விட்டுப் போனவர்களின் வண்டியில் இந்தியாவில் செய்த மூடி! வரலாறு சில சமயம் நன்றாகவே சிரிக்கிறது.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. அங்கேதான் என் கார் கொதிக்கிறது.

பத்மினியின் எஞ்சின் 1089 சிசி. சிலிண்டரின் குறுக்களவு 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மில்லிமீட்டர். இந்த அளவுகளை அப்படியே 1937ல் வந்த ஃபியட் 508சி என்ற காரில் பார்க்கலாம். டான்டே ஜியகோசா என்ற மேதை அந்தக் காலத்தில் ஃபியட்டில் இருந்தார். இரும்பு ப்ளாக், மேலே அலுமினிய ஹெட், தலைக்கு மேல் வால்வு என்று 1937க்கு அது நவீனமான சங்கதி. 1953ல் அதே எஞ்சினைத் திருத்தி 1100-103 என்ற புது உடம்பில் வைத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் நம்முடைய டிலைட். இத்தாலியில் 1960களோடு அந்தக் குடும்பம் முடிந்துவிட்டது. குர்லாவில் 2000 வரைக்கும் ஓடியது. ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் நுழைவதற்கு முன் வரைந்த எஞ்சின் அளவு, ஒய்2கே பயம் முடிந்த பிறகும் தொழிற்சாலையில் இருந்து வெளியே வந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் அசிங்கப்பட எதுவும் இல்லை. நல்ல எஞ்சின் நல்ல எஞ்சின்தான். பிரச்சினை அதைச் சுற்றி இருந்த தெரு.

ஒரு கார் எஞ்சினில் பெட்ரோல் எரிந்து வரும் சூட்டில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படும். மிச்சம் வெளியேற முக்கியமாக இரண்டு வாசல். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்ஸர் வழியாகப் புகையோடு போகும். கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீர் வழியாக ரேடியேட்டருக்குப் போய்க் காற்றில் கலக்கும். இந்த இரண்டு வாசலில் எது அடைத்தாலும் வீட்டுக்குள் புழுக்கம். அதனால்தான் "ரேடியேட்டர் மாத்திட்டேன், இன்னும் கொதிக்குது" என்று புலம்புகிறவரிடம் பழைய மெக்கானிக் முதலில் சைலன்ஸருக்குள் துரு உதிர்ந்து அடைத்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்.

பத்மினியில் ரேடியேட்டருக்குக் காற்றை இழுக்கும் ஃபேன், எஞ்சினோடு பெல்ட்டில் கட்டியது. எஞ்சின் எவ்வளவு வேகமோ ஃபேனும் அதற்கேற்ற வேகம். நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது பிரமாதமாக இழுக்கும். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் 700, 800 சுற்றுக்கு இறங்கிவிடும், ஃபேனும் சோம்பேறியாகிவிடும். எப்போது காற்று அதிகம் தேவையோ அப்போது காற்று இல்லை. 1964ல் மரைன் டிரைவில் ஓட்டினவருக்கு இது பிரச்சினையே இல்லை, கார் ஓடுகிற வேகத்தில் எதிர்க்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். 1994ல் சயான் சர்க்கிளில் முக்கால் மணி நேரம் முதல் கியரில் ஊர்ந்தவருக்கு அது பெரிய பிரச்சினை.

இதற்கு மருந்து கண்டுபிடித்துப் பல காலம் ஆகிவிட்டது. ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு மின்சார ஃபேன், தண்ணீர் சூடானால் தானாக ஓட ஒரு சுவிட்ச். கார் நின்றாலும் ஃபேன் முழு வேகத்தில் ஓடும். 1983 டிசம்பர் 14 அன்று வந்த மாருதி 800ல் அது இருந்தது. மாருதி வாங்கியவர்கள் மைலேஜைப் பற்றியும் ஏசியைப் பற்றியும் பேசினார்கள். ட்ராஃபிக்கில் கொதிக்காமல் நிற்கிற கார் என்ற விஷயத்தை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய புரட்சி.

அப்படியானால் ப்ரீமியரும் அம்பாசடர்காரர்களும் ஏன் அதற்கு முன்பே செய்யவில்லை? எதற்காகச் செய்ய வேண்டும்? எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். கார் யாருக்கு எப்போது என்பதற்குக் காத்திருப்போர் பட்டியல், ஃபியட்டுக்கு வருடக்கணக்கில். விலையையும் அரசு கட்டுப்படுத்தியது. 1969ல் அரசு நிர்ணயித்த விலை போதாது என்று ப்ரீமியர் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்கு இன்றும் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. கார்களின் தரம் மோசம் என்று நாடாளுமன்றம் வரை புகார் போய், 1960களின் பிற்பகுதியில் தரத்தை விசாரிக்க அரசே ஒரு குழு போட்ட அளவுக்கு நிலைமை. தரத்தை ஏன் கூட்டவில்லை என்று கேட்டது அரசு. விலையைக் கூட்ட விடாமல் தரத்தை எப்படிக் கூட்டுவது என்றார்கள் கம்பெனிகள். இரண்டு தரப்பும் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. நடுவில் வாங்கினவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார்.

அந்த ரோட்டோரம் எது என்று கேட்டால் மகாராஷ்டிராவில் எல்லோரும் ஒரே பெயர் சொல்வார்கள்: போர் காட். 1830ல் பம்பாய் கவர்னர் ஜான் மால்கம் காலத்தில் வண்டிகளுக்குத் திறந்த பாதை, கோபோலியில் இருந்து கண்டாலாவுக்கு ஏறுகிறது. ரயிலுக்கே இங்கே சொந்தக் காலில் ஏற முடியாது, கர்ஜத்தில் பின்னால் இருந்து தள்ள எஞ்சின் மாட்டுவார்கள். ஃபியட் எம்மாத்திரம்? வண்டியில் ஐந்து பேர், மேலே காரியரில் ஹோல்டால், மே மாத வெயில். முதல் இரண்டு கியரில் எஞ்சின் அலறும், கார் மட்டும் மாட்டு வண்டி வேகத்தில் நகரும். ஃபேன் வேகமாகத்தான் சுற்றும், ஆனால் எதிர்க்காற்று கிடையாது, எஞ்சினுக்குப் பாரம் முழுசு. போதாததற்கு உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் சூடும் கொஞ்சம் இறங்கும், சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி.

இங்கேதான் அந்த ரேடியேட்டர் மூடியின் மகிமை. உள்ளே ஸ்பிரிங் வைத்துத் தண்ணீரை அழுத்தத்தில் பிடித்து வைக்கிறது. ஒரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கொதிநிலை கூடும். மூடியின் ரப்பர் வாஷர் நைந்து போனால் அந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரி தயவு போயே போச்சு. ஒரு சின்ன வாஷருக்காக மலையில் குடும்பத்தோடு நின்றவர்கள் எத்தனை ஆயிரம் பேரோ.

பாதையில் ஷிங்க்ரோபா கோயில் இருக்கிறது. இந்த மலையில் வழி காட்டிய ஆட்டிடையனுக்கான கோயில் என்பார்கள். டிரைவர்கள் நிறுத்திக் கும்பிட்டுக் காசு போட்டுவிட்டுப் போவார்கள். பக்தி ஒரு பக்கம், பத்து நிமிஷம் நின்றால் எஞ்சினும் ஆறும் என்பது என் சந்தேகம். 2002ல் மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வே முழுசாகத் திறந்து, சுரங்கங்கள் வழியாகப் பாதை கொஞ்சம் சாய்வு குறைந்ததும், பழைய பாதையில் தண்ணீர் கேனோடு நிற்கும் கூட்டம் குறைந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவே இந்த வண்டிகளை ஓட வைத்தவர்கள் மெக்கானிக்குகள். மும்பையில் 1990களில் கறுப்பு மஞ்சள் டாக்ஸி அறுபதாயிரத்துக்கு மேல் இருந்தன, கிட்டத்தட்ட எல்லாமே பத்மினி. நாள் முழுக்க ட்ராஃபிக்கில் வெந்தே பிழைக்க வேண்டிய வண்டிகள். அதனால் குர்லா சிஎஸ்டி ரோடு, ஓபரா ஹவுஸ் பக்கம் எல்லாம் ஒரு தனி வைத்திய சாஸ்திரம் வளர்ந்தது. நல்லதும் உண்டு, நாட்டு வைத்தியமும் உண்டு.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது அதில் பிரபலம். தண்ணீர் ஓரளவு சூடாகும் வரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. பழசானால் மூடியபடியே சிக்கிக்கொள்ளும், அப்புறம் கொதிப்புதான். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றிவிடுவார்கள். கொதிப்பது நிற்கும், உண்மைதான். ஆனால் மழைக்கால ராத்திரியில் எஞ்சின் சூடே ஏறாமல் பெட்ரோல் குடிக்கும். பெட்ரோல் பம்ப் சூடாகி உள்ளே ஆவி கட்டிக்கொண்டால் அதன் மேல் ஈரத்துணி போடுவது இன்னொன்று. இது மட்டும் அப்பழுக்கில்லாத பௌதிகம், நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

சைலன்ஸர் கதை தனி. எஞ்சின் ரப்பர் மௌண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, ஐடிலில் ஆடும். சைலன்ஸர் குழாயின் முன் முனை எஞ்சினோடு இறுக்கியது, அதனால் குழாயும் சேர்ந்து ஆட வேண்டும். அதற்காகத்தான் பின்னால் பாடியில் இருந்து ரப்பர் பட்டையில் தொங்கவிடுகிறார்கள். ரப்பர் சூட்டிலும் எண்ணெயிலும் வெடித்து அறுந்தால் குழாய் பாடியில் மோதி கடகடவென்று சத்தம். ரப்பர் கிடைக்காத காலத்தில் கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிடுவார்கள். சத்தம் நின்றுவிடும். வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். ஆனால் இப்போது எஞ்சின் ஆடும், குழாய் ஆடாது. ஆட்டம் எல்லாம் முன் முனையில் போய்ச் சேரும், சில மாதத்தில் அங்கே விரிசல் விடும் அல்லது கேஸ்கெட் ஊதும். சூடான புகை பானெட்டுக்குள்ளேயே அடிக்கும். பிறகு "கொதிக்குது சாப்" என்று ரேடியேட்டர் கடைக்குப் போவார்கள். பழைய டயரில் பட்டை வெட்டித் தொங்கவிடுகிற மெக்கானிக் இந்தக் கட்டுக்கம்பிக்காரரை விட ஆயிரம் மடங்கு மேல். பார்க்க அசிங்கம், ஆனால் தத்துவம் சரி.

என் வண்டியைப் பார்க்கிற சாச்சா டயர் பட்டைக் கட்சி. எழுபதைத் தாண்டியவர், ஐம்பது வருடமாக டாக்ஸிகளைப் பார்த்தவர். மதராஸி என்பதால் வயது வித்தியாசம் பார்க்காமல் என்னை "அண்ணா" என்பார். மும்பையில் நமக்கெல்லாம் அதுதானே பெயர். ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகக் கொட்டிக் காண்பித்தார், முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் சில்லுகள். முன்னால் வைத்திருந்தவர் வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். "அண்ணா, வண்டி மேல தப்பு இல்ல. உப்புத் தண்ணி குடிச்சா உங்களுக்கும் கிட்னில கல்லு வரும்" என்றார். பித்தளை ரேடியேட்டர் என்பதால் மேல் டாங்க்கை ஈயப் பற்று எடுத்துத் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி, மறுபடி பற்று வைத்தார்கள். இன்றைய காரின் ப்ளாஸ்டிக் டாங்க் ரேடியேட்டரில் இந்த வேலை நடக்காது, தூக்கிப் போட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதான். அலுமினிய ஹெட் லேசாக வளைந்திருந்தது. லேத்தில் கொடுத்து ஃபேஸ் பண்ணி, புது கேஸ்கெட், வாட்டர் பம்ப்புக்குப் புது சீல், கூலண்ட், புது மூடி. சைலன்ஸருக்கு நாலு ரப்பர். இவ்வளவுக்கும் பிறகு தாதரில் அரை மணி நேரம் நின்றேன், முள் நடுவைத் தாண்டவில்லை.

மின்சார ஃபேன் போடலாமா என்று கேட்டேன். போடலாம், ஆனால் பழைய டைனமோ அந்தக் கரண்டைத் தாங்காது, ஆல்டர்னேட்டர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார். ஒரு ஃபேனை மாற்ற மின்சாரம், ஒயரிங், ரிலே எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். ஒரு பழைய டிசைனில் ஒன்றை மட்டும் தொட முடியாது என்பதை அன்றைக்குப் புரிந்துகொண்டேன். குர்லா தொழிற்சாலைக்காரர்கள் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது அப்போதுதான்.

இனி விஷயம் வேறு. மும்பையில் டாக்ஸிக்கு வயது வரம்பு 20 வருடம். 2003 அக்டோபர் 29 அன்று தார்தேவ் ஆர்டிஓவில் பதிவான கடைசிப் பத்மினி டாக்ஸிக்கு 2023 அக்டோபரில் ஆயுள் முடிந்தது. பத்திரிகைகளில் எல்லாம் கண்ணீர்க் கட்டுரைகள், ஒரு வண்டியையாவது மியூசியத்தில் வைக்க வேண்டும் என்று கோரிக்கைகள். வைக்கட்டும். ஆனால் மியூசியத்தில் நிற்கும் வண்டி கொதிக்காது. ரேடியேட்டரைக் குத்தத் தெரிந்த கையும், ஹெட்டை ஸ்கேல் வைத்துப் பார்த்தே வளைவு சொல்கிற கண்ணும் டாக்ஸி இருந்ததால் இருந்தன. ஆயிரக்கணக்கான வண்டி தினமும் வந்ததால்தான் வாட்டர் பம்ப் சீலும் கேஸ்கெட்டும் யாரோ செய்து விற்றார்கள். என்னை மாதிரி ஞாயிற்றுக்கிழமை ஓட்டிகள் சில நூறு பேருக்காக எந்தக் கம்பெனி ரப்பர் அச்சு வார்க்கும்? சாச்சாவின் இரண்டு பையன்களில் ஒருவர் துபாயில், இன்னொருவர் மொபைல் கடை. கடையை எப்போது மூடுவது என்று அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

சொந்தக் காருக்கு டாக்ஸி மாதிரி 20 வருடத் தடை இங்கே இல்லை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓவில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 மார்ச் வரை 600 ரூபாய். ஏப்ரலில் இருந்து 5000. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். என் வண்டிக்கு அடுத்த முறை 2026. வீட்டில் அபிப்பிராயம் தெளிவாக இருக்கிறது: அந்தப் பணத்துக்கு நாலு பேரும் ஊருக்கு ரயிலில் போய்விட்டு வரலாம். கணக்கு சரிதான், மறுக்கவில்லை.

சாச்சாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். வாட்டர் பம்ப் சீல் ஆறு, ஹெட் கேஸ்கெட் இரண்டு, தெர்மோஸ்டாட் ஒன்று, எல்லாம் பிரிக்காத பேப்பரில். விலை என்னவென்று கேட்டதற்கு, "முதல்ல ஆர்டிஓ பாஸ் ஆகட்டும், அண்ணா. அப்புறம் பேசலாம்" என்றார். டப்பா இப்போது என் வீட்டுப் பரணில் இருக்கிறது.